மஞ்சள் கயிற்றுக்குப் பயந்த ஊர்

பிள்ளைகளே, இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கினபிறகு எழுதலாமே என்று என் மனைவி சொன்னாள். அடங்கிவிட்டால் நான் எழுத மாட்டேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். காங்கேயம் பக்கத்தில் தேங்காய்க் களங்களில் காய்ந்த பருப்பை மூட்டையாக ஏற்றி எண்ணெய் மில்லுகளில் இறக்குகிற டெம்போ ஓட்டுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. வெளியூர் ஆள் வழி கேட்டால் "ஏனுங்க, நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று பாதி தூரம் கூடவே நடந்து வந்து காட்டுவோம். சண்டை போடும்போதுகூட 'ங்க' போடாமல் திட்ட மாட்டோம். அந்த மரியாதையைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர் ஒருவர். மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். மிட்டாய் வாங்க வருகிற சின்னப் பையனைக்கூட "வாங்க சாமி, என்ன வேணுங்க" என்றுதான் கேட்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டில் அவருடைய மகளை, என் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளையை, ஒயரால் அடிப்பார். பால் பொங்கி வழிந்தால் அடி. மார்க் குறைந்தால் அடி. நிமிர்ந்து பார்த்தால் திமிர் என்று அடி, குனிந்துகொண்டால் அழுத்தம் என்று அடி. சில நாள் அடிக்காமல், சோறு போடாமல் புழக்கடையில் நிற்க வைத்துவிடுவார்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கடைக்குள் டிவி சத்தம் திடீரென்று கூடினால் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அம்மா எழுந்து தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும். கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் குறையும், கதவுகள் திறக்கும், எல்லோரும் அதே கடையில் போய்ச் சர்க்கரை வாங்குவார்கள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக இல்லை. அவர் பெயர் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் பெயரும் தெரிந்துவிடும்.

என் மகள் வாயாடி. எட்டாவதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தப் பிள்ளையைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது அந்தப் பிள்ளை. இடது புருவம் பாதிதான் இருந்தது. நான் அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

"டீ குடிக்கறியா கண்ணு?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளையின் இரண்டு முழங்கைகளும் முகத்துக்கு முன்னால் வந்துவிட்டன. நான் டம்ளரை நீட்டியபடி நிற்கிறேன், அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அது வீட்டுக்குப் போனபிறகு என் மகள் சொன்னாள்: "அவளைக் கண்ணுன்னு கூப்புடாதீங்கப்பா. அவங்கப்பா அடிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் கூப்புடுவாராமா. 'இங்க வா கண்ணு'ம்பாராமா."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிட அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அதையும் கெடுத்து வைத்திருந்தார் அந்த ஆள்.

புருவத்தை அந்தப் பிள்ளையே பிய்த்துக்கொள்கிறது என்று பிறகு தெரிந்தது. பயம் வந்தால் விரல் தானாகப் புருவத்துக்குப் போய்விடும். வலிக்காதா என்று என் மகள் கேட்டதற்கு, வலிக்கும்போது வேறு எதுவும் ஞாபகம் வராது என்று சொன்னதாம். என் மகள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. களத்திலிருந்து என் டெம்போவில் ஒட்டிக்கொண்டு வருகிற தேங்காய் நாரை ஒரு பை நிறையச் சேர்த்துவைத்து, "இத முறுக்கிட்டு இரு" என்று கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் விரல்கள் நாரை முறுக்கிக்கொண்டே இருக்கும். என் வீட்டு வாசலெல்லாம் துண்டுத் துண்டாக நார்க்கயிறு. என் மனைவி கூட்டித் தள்ளிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் நீளமா முறுக்கினியின்னா மாட்டைக் கட்டலாம் அம்மிணி" என்பாள். புருவம் மெல்ல முளைத்தது.

இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் மாதிரியே மரியாதையாகத் திட்டிக்கொள்வார்கள்.

"ஏனுங்க எருமைங்க, செத்த நகந்து உக்காருங்க."

"நகந்துட்டமுங்க பன்னிங்க. இன்னும் எடம் வேணுங்களா?"

"வேண்டாமுங்க. உங்க நாத்தமே போதுமுங்க."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை சிரித்து நான் முதலில் கேட்டது அப்போதுதான். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டது. கணக்கில் தேறியது. என் மகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வகுப்பில் எழுந்து பதில் சொல்லும் என்று கேள்விப்பட்டேன். டாக்டரும் வரவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் அடி நிற்கவில்லை. ஒருநாள் தலைவாரிவிடும்போது என் மனைவி அந்தப் பிள்ளையின் கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டு, சீப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று பொழுதோடே நான் கடைக்குப் போனேன்.

"வாங்க, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"தண்ணி குடிக்க வரலீங்க. உங்க புள்ளை முதுகுல கெடக்கற தழும்பப் பத்திப் பேச வந்தேன்."

அவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "என்ற புள்ளை முதுகுங்களா?"

"ஆமாங்க."

"உங்க புள்ளை முதுகு எப்படி இருக்குதுன்னு நாங்க எப்பவாச்சும் பாத்தமுங்களா? பொம்பளப் புள்ளை முதுகைப் பத்தி ஒரு ஆம்பளை கடையில நின்னு பேசறது நாலு பேரு காதுல உளுந்தா ஆருக்குங்க கேவலம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எண்ணெய் வாங்க வந்து நின்றிருந்த பெரியவர் ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார்: "உடுங்க தம்பி. அடியாத மாடு படியாதுன்னு சொல்லுவாங்கல்ல."

"நான் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கேனுங்க," என்றேன். "முதுகுல தழும்பு கெடக்கற மாட்ட ஒருத்தனும் வாங்க மாட்டான். மாட்டுக்கு இருக்கற மருவாதி இந்தப் புள்ளைக்கு இல்லீங்களே."

பெரியவர் எண்ணெய்த் தூக்கைப் பார்த்துக்கொண்டார். கடைக்காரர் பொட்டலத்தைச் சணலால் கட்டி முடித்துவிட்டு, "அப்புறம்ங்க, பருப்பு ஏதாச்சும் வேணுங்களா?" என்றார்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். என் மகளுடைய சகவாசத்தால் தன் பிள்ளை கெட்டுப்போகிறது, இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடமும் செய்துபோட்டது. ஒருத்தி முதல் பெஞ்சு, ஒருத்தி கடைசி பெஞ்சு. இன்டர்வெல்லில் பேசினால்கூடக் கடைக்குத் தகவல் போய்விடும். நான் போய்க் கேட்டேன். டீச்சர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா பேச்சு அதிகமா இருக்குதுங்க."

"அந்தப் புள்ளை அடி வாங்கறது உங்களுக்குத் தெரியுங்களா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "தெரியாம இருக்குமுங்களா? வீட்டு விஷயத்துல நாங்க தலையிட்டா அது எங்க மேலதானுங்க திரும்பும்."

எத்தனை பேர் பாருங்கள். அடிக்கிறவர் ஒருவர்தான். கதவைச் சாத்துகிறவர், மிக்சி ஓட்டுகிறவர், பழமொழி சொல்கிறவர், பெஞ்சை மாற்றுகிறவர் என்று அவருக்குக் கூட்டு ஊர் முழுக்க இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கூட்டு ஒருத்திதான். அவளையும் பிடுங்கிப்போட்டார்கள்.

அப்புறம் நடந்ததை என் மகள் வந்து வந்து சொன்னாள். அந்தப் பிள்ளையின் இரண்டு புருவமும் போய்விட்டது. மதியச் சோற்றை வாங்கி அப்படியே கொட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்தபடி இருந்தது. காலை பிரேயரில் ஒருநாள் மயங்கி விழுந்தது. "பட்டினி கெடந்து சீன் போடுது" என்று பையன்கள் சிரித்தார்கள்.

என் மகளும் மாறிப்போனாள். இதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். அவளை யாரும் அடிக்கவில்லை. ஆனால் தூக்கத்தில் பல்லைக் கடித்தாள். அம்மா மேல் எரிந்து விழுந்தாள். சைக்கிளை எடுக்கவே மாட்டேன் என்றாள். என்னடி உனக்கு என்று என் மனைவி உலுக்கிக் கேட்டபோது, "நான் அவகூடப் பழகுனதுனாலதான் இப்ப இன்னும் சேத்தி அடி வாங்கறா" என்று சொல்லி அழுதாள். பெரியவர்கள் இத்தனை பேர் தூக்க மறுத்ததை அவள் ஒருத்தி தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அந்தச் சமயத்தில் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள். நோம்பி என்றால் எங்கள் ஊர்த் திருவிழா; சாட்டுவது என்றால் நாள் குறித்து ஊருக்கு அறிவிப்பது. கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். தீர்த்தக்குடம் எடுக்கிறேன், அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்களுக்குப் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவர்கள் நோம்பி முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது. அவர்களை யாரும் கடிந்து பேசக்கூடாது, மேலே கை வைக்கக்கூடாது. மீறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். இந்தச் சட்டத்தை மற்ற எல்லோரையும்விடக் கறாராகப் பார்க்கிறவர் நம் மளிகைக்கடைக்காரர்தான். முந்தின நோம்பிக்கு, காப்போடு ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பஸ் ஏற நின்றபோது, பஸ் ஸ்டாப்பிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "ஊரைக் கெடுத்துப்போடாதீங்க" என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

காப்புக் கட்டுகிற நாளுக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பிள்ளை என் மகளிடம் வாயைத் திறந்திருக்கிறது.

"காப்புக் கட்டு முடிஞ்ச மறுநாள் காலைல என்னையக் கொடுமுடிக்கு அனுப்பறாங்கடி. அத்தை ஊட்டுக்கு. இனி ஸ்கூலு இல்ல, அங்கயேதான்."

"உங்க அத்தை எப்படி?"

"எங்கப்பாவுக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

குழாயை மூடிவிட்டு, "அங்க போனா நான் இருக்க மாட்டேன்டி" என்றதாம்.

என் மகள் அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று அந்தப் பிள்ளை சத்தியம் வாங்கியிருந்ததாம். சத்தியத்தை மீறியதற்காக அழுதுகொண்டே சொன்னாள். பிள்ளைகளே, உங்கள் சிநேகிதி அப்படி ஒரு வார்த்தை சொன்னால் சத்தியம் கித்தியம் எதையும் பார்க்காதீர்கள். ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அடுத்தவர். அவரும் இல்லை என்றால் அதற்கு அடுத்தவர். எங்கேயாவது ஒரு மனுசன் இருப்பான்.

குழந்தைகளுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற உதவி எண்ணுக்கு நான் போன் செய்தேன். பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். விலாசம் குறித்துக்கொண்டார். சீக்கிரம் ஆள் வருவார்கள் என்றார். காப்புக் கட்டுகிற அன்று சாயந்திரம் வரைக்கும் யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டதற்கு, நாளை மத்தியானம் வருகிறோம் என்றார்கள். கொடுமுடிக்குப் பஸ் காலையில்.

"பஸ்சுக்கு முன்னால டெம்போவை நிறுத்திப்போடறேன்" என்று நான் குதித்தேன். "நிறுத்துங்க. உங்களத்தான் முதல்ல போலீசு புடிக்கும்" என்றாள் மனைவி. மகள் எதுவும் பேசாமல் பாவாடை தாவணி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அந்த வருஷம் தீர்த்தக்குடம் எடுப்பதாக ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போனோம்.

கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். பூசாரி வரிசையாகக் காப்புக் கட்டிக்கொண்டு வருகிறார். மஞ்சள் கயிறுகள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே மளிகைக்கடைக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் மனைவியும் மகளும் பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். என் மகளுக்குக் காப்புக் கட்டினார் பூசாரி. கட்டி முடித்ததும் அவள் கூட்டத்துக்குள் புகுந்து, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பூசாரி முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கும் கட்டுங்க. இவளும் தீர்த்தக்குடம் எடுக்கறாளுங்க."

எனக்கு இது தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

கடைக்காரர் தட்டை மெல்லப் பின்னால் இழுத்தார். "அவ ஊருக்குப் போறாளுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

பூசாரி வயதானவர், காது நன்றாகக் கேட்கும். "சாமி வேண்டுதல்ல அடுத்த வருசம்னு உண்டுங்களா? நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க," என்றார். பிறகு அந்தப் பிள்ளையிடம் குனிந்து, "வேண்டிக்கிட்டியா சாமி?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை அப்பனைப் பார்க்கவில்லை. என் மகள் கையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, "ஆமாங்க" என்றது. பின்வரிசை வரைக்கும் கேட்டது.

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி தட்டிலிருந்து கயிற்றை எடுத்தார். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள், ஊரே நிற்கிறது. கடைக்காரர் சிரித்தார். "ஆத்தா புண்ணியமுங்க" என்றார். தட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் கேட்டாள்: "சாமிய ஏமாத்திப்போட்டனாப்பா?"

"அவ வேண்டிக்கிட்டது பொய்யா?"

"இல்லப்பா. நெசமாவே வேண்டிக்கிட்டாளாமா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும்னு."

"அப்ப என்ன? ஏமாத்தல."

காலைப் பஸ் அந்தப் பிள்ளை இல்லாமல் போனது. காப்புக் கட்டிய பிள்ளைகள் விடிந்ததும் ஈரத் துணியோடு போய்க் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். தடுக்க ஆள் இல்லை. கடையில் டிவி சத்தம் கூடவே இல்லை. எதிர்வீட்டு அம்மா, கதவைச் சாத்திக்கொள்கிற அதே அம்மா, அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தி மோர் கொடுத்து, "காப்புக் கட்டுன புள்ளை, வெயில்ல நிக்காத சாமி" என்றார். அந்தப் பிள்ளைக்கு முதுகு நேற்று முளைத்ததா? இத்தனை காலமும் அதே முதுகுதான். ஒரு முழம் கயிற்றுக்குப் பயப்படத் தெரிந்த ஊருக்கு ஒரு பிள்ளைக்கு இரங்கத் தெரியவில்லை. நான் சாமி கும்பிடுகிறவன்தான். கும்பிட்டுக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். போன் செய்தது நான்தான் என்று ஊருக்குத் தெரிய நேரமாகவில்லை. கமிட்டியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நோம்பி நேரத்துல ஊருக்குள்ள ஜீப்பு வர வெச்சுட்டீங்களேங்க."

"நோம்பி நேரத்துலயாச்சும் வந்துதுங்களே."

"ஊரு மானம் போச்சுங்க."

"அந்தப் புள்ளை முதுகுல இருந்ததுங்க ஊரு மானம். அது எப்பவோ போச்சு."

களத்து முதலாளி ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டே, "நாளைல இருந்து நம்ம களத்துப் பக்கம் வண்டி வேண்டாமுங்க" என்றார். எவ்வளவு தன்மையாகச் சொன்னார் தெரியுமா? அவர் களத்துக்கு இன்றைக்கும் என் வண்டி போவதில்லை.

பள்ளிக்கூட அறை ஒன்றில் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, வந்திருந்த பெண் அதிகாரி தனியாகப் பேசிப் பார்த்தார். அவருக்குச் சின்ன வயது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அடிக்கிறார்களா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டியது. இல்லை என்று அது எழுதிக் கொடுத்தால் ஜீப் திரும்பிப் போய்விடும், நோம்பி முடிந்து காப்பு அவிழும், கொடுமுடி பஸ் எங்கும் போய்விடவில்லை. வராந்தாவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த அதிகாரி வெளியே வந்தார். நல்லவேளை, அவருக்கு மூளையும் இருந்தது, பொறுமையும் இருந்தது. என் மகளிடம் கேட்டார்: "உன்கிட்ட மட்டும் எப்படிப் பேசுவா?"

"தலை வாரிவிடும்போது பேசுவாளுங்க," என்றாள் மகள். "மூஞ்சியப் பாத்தா பேச மாட்டா."

தனியாகத்தான் விசாரிக்க வேண்டும் என்று கூட வந்தவர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் அதிகாரி கேட்டுவிட்டு, தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து என் மகளிடம் கொடுத்தார். உள்ளே என் மகள் அந்தப் பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்து, சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அதிகாரி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கதவு பாதி சாத்தியிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவான குரல் ஒன்று தொடங்கியது. நிற்கவே இல்லை. சடை பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னி, என் மகள் கையும் நிற்கவில்லை.

அதன்பிறகு நடந்தது பெரியவர்களுடைய காரியம். குழந்தைகள் நலக் குழு என்று மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே விசாரணை. அங்கே வைத்துத்தான் அந்தப் பிள்ளையின் அம்மா முதல்முறையாகப் பேசினார். "சத்தியமங்கலத்துல என்ற தங்கச்சி இருக்கறாளுங்க. அங்க அனுப்பிருங்க. அவ நல்லவ" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவை வெறுக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் கையிலும் பழைய தழும்புகள் இருந்தன.

தீர்த்தக்குடம் எடுத்து முடித்தபிறகு பிள்ளை சித்தியோடு சத்தியமங்கலம் போனது. அங்கேயே பள்ளிக்கூடம் சேர்த்தார்கள். கேஸ் நடக்கிறது. கடைக்காரர் கமிட்டியில் இன்னும் இருக்கிறார். கடையிலும் கூட்டம் குறையவில்லை. நான் மட்டும் உப்பு வாங்கவும் காங்கேயம் போகிறேன்.

என் மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். அவள் படுத்துக்கொண்டாள். "ராத்திரி அவ பயந்தா ஆரு பாத்துக்குவா?" என்று அதையே கேட்டாள். அந்தப் பெண் அதிகாரி எங்களையும் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கும் ஆள் வேண்டும் என்று சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். போகப் போகத்தான் தூக்கம் வந்தது. சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் அவளுடைய உயிரை நீ ஒருத்தியே காவல் காக்க வேண்டியதில்லை, அது எங்கள் வேலை என்று அந்த ஆலோசகர் சொன்னாராம். அந்த வார்த்தையை அவளுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அதில்தான் நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம்.

அரைப் பரீட்சை லீவில் அவளைச் சத்தியமங்கலம் கூட்டிப்போனேன். சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் போய்விட்டேன். பொழுதோடு கூப்பிடப் போனால், மகள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அந்தப் பிள்ளை நின்றிருந்தது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு. எனக்குத் தலையாட்டியது. இரண்டு புருவமும் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பவானி ஆற்றுப் பாலம் தாண்டியது. வாங்கிக் கொடுத்த பப்ஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன், பயந்துபோய்.

"அவளுக்கு வேற ப்ரெண்டு கெடச்சுட்டாளாமா. பூராவும் அவளப் பத்தியேதான் பேச்சு. அவ அப்படிப் பண்ணுனா, அவ இப்படிச் சொன்னா. நான் ஒருத்தி வந்து உக்காந்திருக்கறது தெரியல. இனி நான் வர மாட்டேன், அவளே வரட்டும்."

"அப்படிங்களா" என்றேன்.

"சிரிக்காதீங்கப்பா."

"சிரிக்கலையே."

"சிரிக்கறீங்க. அந்தப் பப்ஸைக் குடுங்க."